"தூவினால் காணும்" எண்டு வித்த பைக்கற்: வைக்கலில போட்டுப் பாத்த கதை

முதலே சொல்லிப்போடுறன். வைக்கலைச் சீனியாக்கும் எண்டு மாட்டுக்காரருக்கு வித்த ஒரு நொதியத் தூளைப் பற்றின கதை இது. சாமான் பொய்யில்லை, கடையில சொன்ன கதைதான் பொய். ரெண்டையும் பிரிச்சறிய எனக்கு ஆறு கிழமையும், பதினெட்டு ஜாம் போத்தலும், அயலட்டையில கொஞ்ச மானமும் செலவாச்சு.

நான் இருக்கிறது உருத்திரபுரம். பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூடத்தில உதவியாளரா 26 வருசம் வேலை செய்திட்டு, இப்ப நாலு மாடும் ரெண்டு கண்டுமா வீட்டோட இருக்கிறன். காலபோகம் வெட்டி முடிஞ்சா எங்கட பக்கம் வைக்கலுக்குப் பஞ்சமில்லை. மெசின் வெட்டித் துப்பிப்போட்டுப் போகும். சில பேர் கட்டுக்கட்டி விப்பினம், மிச்சப் பேர் வயலிலயே நெருப்பு வைப்பினம். ஆனா வைக்கலை மட்டும் திண்டு எந்த மாடும் பால் தராது. தவிடும் புண்ணாக்கும் விக்கிற விலையில, பால் வித்த காசு திரும்பக் கடைக்கே போகுது.

இந்த நிலைமையிலதான் கிளிநொச்சி ரவுணில, ஏ9 வீதிக் கரையில உள்ள ஒரு விவசாயச் சாமான் கடைக்குப் போனன். பேர் வேண்டாம். கறவை மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்கத்தான் போனது. கடைக்காரப் பெடியன் "அன்ரி, இதைப் பாத்திட்டுப் போங்கோ" எண்டு மறிச்சான். ஒரு கிளாசில நறுக்கின வைக்கலும் தண்ணியும். ஒரு கரண்டி மா மாதிரித் தூள் போட்டுக் கலக்கினான். அரை மணித்தியாலம் கழிச்சு அந்தத் தண்ணியில கொஞ்சம் எடுத்து, நீலக் கரைசல் விட்டு, சுடுதண்ணிக்குள்ள வைச்சான். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செம்மஞ்சளாச்சு. "பாத்தியளோ, வைக்கல் சீனியாகிட்டுது. வைக்கலுக்கு மேல தூவினால் காணும், மாடு பாலாத் தரும்" எண்டான்.

அது பெனடிக்டின் கரைசல், வெல்லம், அதாவது சீனி வகை, இருக்கோ எண்டு பாக்கிறது. என்ர கையால எத்தினை லீற்றர் கலந்திருப்பன்! எத்தினை பிள்ளையளிட்டக் "கட்டுப்பாட்டுக் குழாய் எங்க?", அதாவது சோதிக்கிற சாமானை விட்டிட்டு ஒப்பிட்டுப் பாக்க வைக்கிற குழாய் எங்க எண்டு கேட்டிருப்பன்! அண்டைக்கு அந்த நிறத்தைக் கண்ட புளுகத்தில அந்த ஒரு கேள்வியையும் கேக்காமல் 1,850 ரூபாவை எண்ணிக் குடுத்திட்டு வந்தன்.

பைக்கற் 250 கிராம். வெள்ளித்தாள் உறை, முன்னுக்கு ஒரு கொழுத்த மாடும் பச்சை இலையும். செலுலேசு நொதியம் (தாவர நாரான செலுலோசை வெல்லமா உடைக்கிற என்சைம்) எண்டு ஆங்கிலத்தில இருக்கு, பின்பக்கம் முழுக்கச் சீன எழுத்து. நொதியத்தின்ர வலு எத்தினை அலகு எண்டு ஓரிடத்திலயும் போடேல்ல. நொதியம் வாங்கிறதெண்டால் கிராமை விட அந்த அலகுதான் முக்கியம். காலாவதித் திகதியை ஒரு துண்டில அடிச்சு, பழைய திகதிக்கு மேல ஒட்டியிருக்கினம். நகத்தால சுரண்டிப் பாத்தன், வரேல்ல.

கடையில சொன்னபடியே முதல் செய்தன். பத்துக் கிலோ வைக்கல், தெளிச்ச தண்ணி, 20 கிராம் தூள், மேல தறப்பாள், மூண்டு நாள். திறந்தால் நனைஞ்ச சாக்கு மணம். எங்கட சிவப்பி ஒருக்கா மோந்து பாத்திட்டு, உனக்கு வேற வேலையில்லையோ எண்ட மாதிரித் திரும்பி நிண்டாள். பாலும் கூடேல்ல, குறையவுமில்லை.

ஏன் சரிவரேல்ல எண்டு சொல்லவேணும். இந்த மதிப்புரையின்ர முக்கால்வாசியும் அதுதான்.

சோறும் வைக்கலும் ஒரே நெல்லில இருந்து வாறது மட்டுமில்லை, ரெண்டுக்கும் அடிப்படை ஒரே குளுக்கோசுதான். சோத்தில அது மாப்பொருளா இருக்கு, வைக்கலில செலுலோசா இருக்கு. மணியள் ஒண்டு, கோத்த விதம் வேற. மாப்பொருளை எங்கட எச்சிலே அறுக்கும். வெறுஞ்சோத்தைக் கனநேரம் சப்பினால் வாய் இனிக்கிறது அதாலதான். செலுலோசுச் சங்கிலி நேரா நிண்டு, ஒண்டோட ஒண்டு நெருங்கி, விறகுக்கட்டு மாதிரி இறுகிக் கிடக்கும். காய்ஞ்ச வைக்கலில மூண்டில ஒரு பங்குக்குக் குறையாமல் செலுலோசு இருக்கு. இன்னும் நாலில அஞ்சில ஒரு பங்கு எமிசெலுலோசு, அதுவும் வெல்லச் சங்கிலிதான். இவ்வளவு இருந்தும் ஏன் எட்டாது எண்டால், எங்கட பழைய மண்வீட்டுச் சுவரை நினைச்சுப் பாருங்கோ. உள்ளுக்கு நிக்கிற தடி செலுலோசு. தடியளை வரிஞ்சு கட்டின கயிறு எமிசெலுலோசு. மேல அப்பின களிமண் இலிக்னின். நெல்லு வைக்கலில அதுக்கும் மேல சிலிக்கா, வைக்கல் தூக்கினால் கை கீறி அரிக்கிறது அதாலயும்தான். நொதியம் எண்டது பெரிய மூலக்கூறு. மண்ணை உடைச்சுவிடாமல் அது தடியைத் தொடாது. சுவருக்கு மேல தூவிவிட்டால் சுவரில ஒட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

அந்த மண்ணை உடைக்கிற வேலைக்குத்தான் முன்பதப்படுத்தல் எண்டு பேர். பைக்கற்றில அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கடைப் பெடியனும் சொல்லேல்ல.

தங்கச்சியின்ர மகன் அறிவியல்நகரில, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர தொழினுட்ப பீடத்தில படிக்கிறான். அவனிட்டச் சொன்னதும் சிரிச்சான். "பெரியம்மா, தொழிற்சாலையில இதுக்கு 180 பாகை, 200 பாகைக்கும் மேல அமுக்கமான நீராவி குடுத்து, திடீரெண்டு அமுக்கத்தை விடுவினம். சோளம் பொரியிற மாதிரி வைக்கல் வெடிச்சு நாராகும். இல்லாட்டி ஐதான சல்பூரிக்கமிலத்தில சூடாக்குவினம். நீங்கள் தறப்பாள் போட்டு மூடினால்?" எண்டான். குக்கரில வைப்பமோ எண்டு கேட்டன். குக்கர் 120 பாகை மட்டுக்குத்தான் போகுமாம், வைக்கலுக்காகக் குசினியை வெடிக்க வைக்கவேண்டாமாம். காரத்தில போகச் சொன்னான்.

காரம் எண்டதும் எனக்குப் பரந்தன்தான் ஞாபகம் வந்தது. யுத்தத்துக்கு முன்னம் ஆனையிறவு உப்பில இருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை அங்க இருந்தது, எங்கட வீட்டில இருந்து சைக்கிள் தூரம். முதலாம் உலக யுத்த காலத்து ஜேர்மனியில, தீவனத் தட்டுப்பாட்டுக்கு பெக்மன் எண்ட இரசாயனவியலாளர் வைக்கலை ஊறப்போட்டதும் அதே கோஸ்டிக் சோடாக் கரைசலிலதான். மருந்தைச் செய்த ஊரிலயே இருந்துகொண்டு நாங்கள் வைக்கலைக் கொளுத்தினம். சரி, அது போகட்டும். கோஸ்டிக் சோடா கண்ணைப் பறிக்கிற சாமான், வீட்டில வைச்சு விளையாட எனக்குத் துணிவில்லை. நீத்தின சுண்ணாம்பு காணும், மலிவு.

ஒரு கிலோ வைக்கலை விரல்நீளமா வெட்டி, 100 கிராம் சுண்ணாம்பு கலந்த தண்ணியில, பழைய கிடாரத்தில மூண்டு மணித்தியாலம் அவிச்சன். அரை மணியிலயே தண்ணி பிளேன்ரீ நிறத்துக்கு வந்திட்டுது. போகப்போகக் கடுஞ்சாயம். கரைஞ்சு வாறதில இலிக்னினும் ஒரு பங்கு. வைக்கலைப் பிடிச்சுப் பாத்தால் சொரசொரப்புப் போய், ஊறின கடுதாசி மாதிரி மெத்தெண்டு இருந்தது. கள்ளு இறக்கிற ஊரில இது ஒரு வேடிக்கையான விசயம். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினால் கருப்பணி நொதிக்காமல் நிக்கும். இஞ்ச அதே சுண்ணாம்புதான் நொதிக்க ஏலாத வைக்கலை நொதிக்கப் பண்ணுது.

முதல் தொகுதிப் போத்தல் முழுக்கப் பிழைச்சுது. நான் வடிவாக் கழுவேல்ல. பாசிச்சாயத்தாள் வைச்சால் நல்ல நீலம். செலுலேசுக்குப் பிடிச்சது பிஎச் அஞ்சுக்குக் கிட்ட, லேசான புளிப்பு. சூடு 50 பாகை மட்டில. காரத்துக்குள்ள அது சும்மா கிடக்கும். ரெண்டாம் தொகுதிக்கு நல்லாக் கழுவி, தேசிக்காய் பிழிஞ்சுவிட்டன். அதுவும் பிழை. தேசிப்புளியிலயே கொஞ்சம் வெல்லம் இருக்கு, ஒண்டும் போடாத போத்தலே பச்சையாக் காட்டிச்சுது. பிறகு கடை வினாகிரியால சரிக்கட்டினன். மீன் யாவாரியிட்ட ஒரு றெஜிபோம் பெட்டி வாங்கி, போத்தலுகளை அடுக்கி, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காச் சுடுதண்ணி மாத்தி, ரெண்டு நாள் காவல் இருந்தன். என்ர பிள்ளையளுக்கும் இப்பிடி இராத்திரி எழும்பினதா ஞாபகமில்லை.

மூண்டாம் தொகுதிதான் சரிவந்தது. ஒவ்வொண்டுக்கும் 400 மில்லிலீற்றர் தண்ணி. வைக்கல் போட்டதுகளுக்கு 40 கிராம் வைக்கல், தூள் போட்டதுகளுக்கு 6 கிராம் தூள்.

வெறும் வைக்கலும் தண்ணியும்: நீலம். உத்துப் பாத்தால் ஒரு சொட்டுப் பச்சை.

அடுத்தது வைக்கலே இல்லாமல், தூளும் தண்ணியும் மட்டும். இதுதான் நான் கடையில கேக்காமல் விட்ட கட்டுப்பாட்டுப் போத்தல். மஞ்சள்! பெனடிக்டில மஞ்சள் எண்டால் ஏறக்குறைய நூத்துக்கு ஒரு பங்கு தாழ்த்தும் வெல்லம், அதாவது பெனடிக்டின்ர நிறத்தை மாத்துற குளுக்கோசு மாதிரியான வெல்லம். அப்ப அந்தத் தூளில அரைவாசிக்கு மேல குளுக்கோசு மாதிரி ஏதோ வெல்லம்தான். நொதியத்தைத் தூளாக்க ஒரு நிரப்பு சேக்கிறது வழமை, அதில களவில்லை. ஆனா கடையில காட்டின செம்மஞ்சள் வைக்கலில இருந்து வந்ததில்லை, கரண்டியில இருந்து வந்தது. அரை மணித்தியாலத்தில, குளிர்தண்ணியில, அவிக்காத வைக்கலில இருந்து சீனி எங்கால வரும்? எனக்கு அப்பவே விளங்கியிருக்க வேணும்.

அவிக்காத வைக்கலும் தூளும் போட்டது: அதே மஞ்சள். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் ஒரு பொட்டுக் கடுமை தெரியும். அவிச்சுக் கழுவின வைக்கல், தூள் இல்லாமல்: நீலம். அவிச்ச வைக்கலும் தூளும்: செங்கல் நிறம். மறுமடங்கு தண்ணி விட்டு ஐதாக்கிப் பாத்தன், அப்பவும் செம்மஞ்சள். தூளில இருந்த வெல்லத்தைக் கழிச்சாலும் மிச்சம் நல்லாவே இருக்கு.

நொதியம் உயிரோடதான் இருக்கு எண்டதுக்கு இன்னொரு சாட்சியும் எடுத்தன். பழைய ஆய்வுகூட வடிதாளில ஒரு கீலம் வெட்டித் தூள்தண்ணியில போட்டன். அடுத்த நாள் போத்தலைக் குலுக்கத் தாள் தும்பு தும்பாப் போச்சு. வடிதாள் சுத்தமான செலுலோசு, உடைக்க மண் இல்லை. செலுலேசின்ர வலுவை உலகம் முழுக்க அளக்கிறதும் வடிதாளை வைச்சுத்தான். அதுக்குப் பின்னால ஒரு யுத்தக்கதை இருக்கு. ரெண்டாம் உலக யுத்தத்தில சொலமன் தீவுகளில அமெரிக்கப் படையின்ர பருத்திக் கூடாரங்கள் உக்கிப்போச்சாம். அரிச்சது ஒரு பங்கசு. எல்வின் ரீசு, மேரி மண்டெல்சு எண்ட அமெரிக்க விஞ்ஞானிகள் அதை வருசக்கணக்கா ஆராய்ஞ்சினம். பிறகு ரீசின்ர பேரையே அதுக்கு வைச்சு, இப்ப ட்ரைக்கொடெர்மா ரீசி எண்டு சொல்லுகினம். மிளகாய்க் கண்டுக்கு வேரழுகலுக்குப் போடுற ட்ரைக்கொடெர்மாவுக்கு இது உறவு. இண்டைக்கும் செலுலேசு செய்யிற தொழிற்சாலையளுக்கு அந்தப் பரம்பரைதான் பெரிய ஆதாரம். எங்கட யுத்தத்துக் கூடாரங்கள் பிளாத்திக்குத் தறப்பாள். அதைப் பங்கசும் தீண்டாது, வெய்யில்தான் திண்டது.

பெறாமகன் விடேல்ல. செங்கல் நிறப் போத்தலை வடிச்சு, ஆறவிட்டு, பாண் போடுற ஈஸ்ட் அரைக் கரண்டி போட்டு வாயில பலூன் கட்டினம். ரெண்டு மணித்தியாலத்தில பலூன் எழும்பி நிண்டுது. மூண்டாம் நாள் திறக்கக் கள்ளு மணம் குசினியைத் தாண்டி வேலிக்குப் போச்சு. பக்கத்து வளவுத் தம்பி வேலிக்கு மேலால எட்டி, "அக்கா, கோடா போடுறியளோ?" எண்டு கேட்டான், கள்ளச்சாராயம் வடிக்க ஊறப்போடுறதைத்தான் கோடா எண்டுறது. கேட்டதோட விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் பால் குடுக்கப் போன இடத்திலயும் ரெண்டு பேர் சிரிச்சினம். நாங்கள் ஒண்டும் காய்ச்சேல்ல, வடிக்கேல்ல. அனுமதியில்லாமல் வடிக்கிறது குற்றம், என்ர வயசுக்குத் தேவையும் இல்லை. பலூன் வெடிக்க முன்னம் எல்லாத்தையும் தென்னையடியில ஊத்தினன்.

ஊத்த முன்னம் ஒருக்காப் பெனடிக்ட் வைச்சுப் பாத்தன். பலூன் அடங்கின பிறகும் மஞ்சள் காட்டிச்சுது. அது பெரும்பாலும் சைலோசு. எமிசெலுலோசு உடைஞ்சால் வாற வெல்லம். பாண் ஈஸ்ட்டுக்கு அது ஆகாது, குளுக்கோசை மட்டும் திண்டிட்டு எழும்பிடும். வைக்கலில இருந்து எரிபொருள் எடுக்கிறவைக்கும் இது பெரிய தலையிடி, அதையும் தின்னக்கூடிய ஈஸ்டை மரபணு மாத்தித்தான் எடுக்கினம்.

இனிக் கணக்கு. என்ர அளவுப்படி ஒரு பைக்கற் ஒண்டரைக் கிலோ வைக்கலுக்குச் சற்றுக் கூட வரும். கிடைக்கிற வெல்லம், தூளில முதலே இருந்ததைத் தவிர்த்து, கால் கிலோவுக்கு மேல, அரைக் கிலோவுக்குள்ள. 1,850 ரூபாவுக்குச் சங்கக்கடையில அதைவிடப் பல மடங்கு சீனி வாங்கலாம். தூளைக் குறைச்சு நாளைக் கூட்டினால் கணக்குக் கொஞ்சம் இறங்கும். ஆனா வன்னியில ஒரு வீட்டுக் கொட்டிலுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு இறங்காது.

இதில எனக்கு உண்மையாக் கோவம் வந்தது ஒண்டுக்குத்தான். மாட்டுக்கு இந்தப் பைக்கற்றே தேவையில்லை. மாட்டின்ர முதல் வயித்துக்குள்ளயே செலுலோசை உடைக்கிற நுண்ணங்கியள் கோடிக்கணக்கில இருக்கு, 39 பாகைச் சூட்டில, இராப்பகலா, சம்பளமில்லாமல். அதுகளுக்கும் குறையா இருக்கிறது நொதியம் இல்லை, மண் உடைஞ்ச சுவர்தான். இது புதுக் கதையும் இல்லை. 1980களிலயே பேராதனைப் பல்கலைக்கழகத்தில யூரியா விட்ட வைக்கலைப் பற்றி ஆராய்ஞ்சு எழுதியிருக்கினம். 2021இல அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டின பிறகு யூரியாவுக்குப் பட்ட பாட்டில நாங்கள் அதை மறந்திட்டம், அந்த இடைவெளிக்குள்ளதான் இப்பிடியான பைக்கற்றுகள் வந்து குந்தினது.

போத்தல் வேலை முடிஞ்ச கையோட அதையும் செய்து பாத்தன். 25 கிலோ வைக்கல், ஒரு கிலோ யூரியா, 25 லீற்றர் தண்ணி. அடுக்கடுக்காத் தெளிச்சு மிதிச்சு, தறப்பாளால காத்துப் போகாமல் மூடி, மூண்டு கிழமை. யூரியா உடைஞ்சு அமோனியா வரும், அதுதான் காரம். திறக்கேக்க கண் எரியும், முகத்தைக் குடுக்காதையுங்கோ. ஒரு நாள் காத்தாட விரிச்சுப்போட்டுத்தான் வைக்கவேணும். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கண்டுக்குக் குடுக்கக்கூடாது. யூரியாத் தண்ணி வாளியை மாடு எட்டுற இடத்தில வைச்சால் மாடு செத்துப்போகும், பகிடியில்லை. வைக்கல் மஞ்சளும் மண்ணிறமுமா மெத்தெண்டு வந்தது. சிவப்பி ரெண்டு நாள் சந்தேகப்பட்டாள், மூண்டாம் நாள் தொட்டியை நக்கினாள். நாலு மாட்டுக்கும் சேத்து ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் மட்டில கூடியிருக்கு. இடையில ஒரு மழை பெய்து புல்லும் முளைச்சபடியால் முழுப் புண்ணியமும் வைக்கலுக்கு இல்லை.

பைக்கற்றுக்கு ஐந்துக்கு ரெண்டு குடுக்கிறன். ஒண்டு நொதியம் உண்மையா வேலை செய்யிறதுக்கு, மற்றது உறை வடிவா ஒட்டியிருந்ததால தூள் கட்டிபடாமல் வந்ததுக்கு. கடைக்கு ஒண்டும் இல்லை. திரும்பப் போய்த் தூளையும் வெறுந்தண்ணியையும் கலந்து, அவனிட்ட இருந்த அதே நீலக் கரைசலை விட்டுக் காட்டினன். பெடியன் நிறம் மாறுறதை வாய் பாத்துக்கொண்டு நிண்டான். அவனுக்கும் உண்மையாவே தெரியாது போல. முதலாளி வந்து, "அன்ரி, விருப்பமில்லாட்டி மாட்டுக்கு விற்றமின் ஏதும் மாத்தித் தரட்டோ" எண்டார். உப்புக்கட்டியைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்திட்டன். முதல் நாள் அதை வாங்க மறந்துபோனன்.

மிச்சத் தூள் ஒரு போத்தலுக்குள்ள இறுக்கி மூடி பிரிட்ஜில இருக்கு. உயர்தரத்தில நொதியம் படிக்கிற பிள்ளையளுக்குச் செய்து காட்ட வேணுமெண்டால் எங்கட பள்ளிக்கூட ஆசிரியர் ஆரும் வந்து எடுங்கோ. வடிதாள் நீங்கள்தான் கொண்டுவரவேணும், என்னட்ட முடிஞ்சுது.